தொழிற்கல்வி விதிகளும் தோட்டப் பாடசாலையும்: சப்பிரகமுவப் பெருந்தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் ஆணைக்குழு அறிக்கைகளையும் அமைச்சர்களின் கொள்கை விளக்கங்களையும் கால ஒழுங்கில் நிரைப்படுத்தி அமைவர். அவ்வாறு நிரைப்படுத்துமிடத்து ஒவ்வொரு சட்டமும் அதற்கு முந்தியதிலும் சிறந்ததாகவே தோன்றும். ஆயின், ஒரு சட்டம் யாரை நோக்கி இயற்றப்பட்டது, ஈற்றில் யாரைச் சென்றடைந்தது ஆகிய இரு வினாக்களையும் அருகருகே வைத்து நோக்கின், வேறொரு வரலாறு புலப்படும். இலங்கையின் பொதுப் பாடசாலைகளில் தொழிற்கல்வியை அரசு விதித்த வரலாறு இவ்வகையில் ஆராயத்தக்கதாகும்.

உடலுழைப்பின் மதிப்பைப் பாடசாலைக்குள் கொணர வேண்டும் என்று இலங்கை அரசு மிகுந்த துணிவோடு முயன்ற ஆண்டு 1972. தேயிலையாகவும் இறப்பராகவும் நாட்டின் ஏற்றுமதி வருவாயின் பெரும் பகுதியைத் தம் உடலுழைப்பால் ஈட்டித் தந்த மக்களின் பிள்ளைகளோ, அம்முயற்சியின் எல்லைக்குப் புறத்தே நின்றனர். உழைப்பைப் பாடமாக்கிய சீர்திருத்தம் உழைப்பாளர் பிள்ளைகளை எட்டாது போயிற்று. இம்முரண்பாடு தற்செயலாக நேர்ந்ததன்று. அதற்கு நீண்ட முன்வரலாறும் இன்றுவரை நீளும் பின்விளைவும் உண்டு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கெனக் கேகாலை மாவட்டத்தின் மாவனல்லையும் அதனைச் சூழ்ந்த சப்பிரகமுவத் தோட்டப் பகுதியும் இங்கு முதன்மை பெறுகின்றன. மலையகக் கல்வி பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் நுவரெலியா மாவட்டத்தையே மையமாகக் கொள்வன. அங்கே தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பன. தமிழ்த் தொழிலாளரும் செறிந்து வாழ்வர். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் நிலை வேறு. எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, தெரணியகலைப் பகுதிகளில் தோட்டங்கள் ஓரளவு செறிந்திருப்பினும், கொழும்பு - கண்டி வீதியில் மகா ஓயாக் கரையில் அமைந்த மாவனல்லையைச் சுற்றி அவை சிங்களக் கிராமங்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. தோட்டம் சிறிதாயின் பிள்ளைகளின் தொகையும் சிறிது. தொகை சிறிதாயின் பாடசாலையும் சிறிது. இப்புவியியல் உண்மை பின்வரும் செய்திகள் அனைத்துக்கும் அடிநிலையாக அமைகின்றது.

விதி என்பதன் உறுப்புகள்

பாடசாலைகளில் தொழிற்கல்வி இடம்பெற வேண்டும் என அரசு விதிக்கும்போது அவ்விதி மூன்று உறுப்புகளைக் கொண்டிருத்தல் வேண்டும். முதலாவது, பாடநேரம்: எந்த வகுப்பில், எத்துணை நேரம், யாவருக்கும் கட்டாயமாகவா அன்றிச் சிலருக்கு மட்டுமா என்பது. இரண்டாவது, வளம்: ஆசிரியர், கருவி, பட்டறை, நிலம் ஆகியவற்றை யார் வழங்குவது என்பது. மூன்றாவது, வாயில்: அக்கல்வியைப் பெற்ற மாணவன் அல்லது மாணவி அதன்பின் எங்கே செல்ல இயலும் என்பது. இவற்றுள் முதலாவதை விதிப்பது எளிது. ஒரு சுற்றறிக்கையே போதும். இரண்டாவதற்குப் பணம் வேண்டும். மூன்றாவதற்குச் சமூக அமைப்பே இடந்தரல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சிமித் - ஹியூஸ் சட்டம் இதனை விளக்க உதவும். விவசாயம், கைத்தொழில், மனையியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியரின் சம்பளத்துக்கு மத்திய அரசு பணம் வழங்கிற்று. அதற்கு ஈடான தொகையை மாநிலம் தானும் இடல் வேண்டும். தொழிற்கல்விக்கென ஒரு சபையை அமைத்துத் திட்டம் சமர்ப்பித்தல் வேண்டும். அதாவது, விதியும் வளமும் ஒரே சட்டத்தில் பிணைக்கப்பட்டன. ஆயினும் வாயில் பற்றிய வினா அங்கும் எழாமலில்லை. பொதுக் கல்வியிலிருந்து தொழிற்கல்வியைத் தனித்த அமைப்பாகப் பிரிப்பது தொழிலாளர் பிள்ளைகளை இளமையிலேயே வேறாக்கிவிடும் என ஜோன் டூயி அக்காலத்திலேயே வாதிட்டார். அவ்வாதம் இன்றும் பழமைப்பட்டுவிடவில்லை.

இம்மூன்று உறுப்புகளையும் அளவுகோலாகக் கொண்டே இலங்கையின் அனுபவத்தை இனி நோக்குவோம்.

குடியேற்ற ஆட்சிக்கால அடித்தளம்

கோப்பியின் காலத்தில் தோட்டப் பிள்ளைகளின் கல்வி அரசின் கடமையாகவோ தோட்டத்துரையின் கடமையாகவோ கருதப்படவில்லை. 1854ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற சமய அமைப்புகள் சில பள்ளிகளை நடத்தின. எஞ்சிய இடங்களில் மாலைப் பொழுதில் லயத்தின் ஓரத்திலோ மரநிழலிலோ எழுத்தறிந்த ஒருவர் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார்.

1905ஆம் ஆண்டில் அமைந்த வேஸ் ஆணைக்குழுவின் பின், 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளை முதன்முறையாகச் சட்டத்தின் பார்வைக்குள் கொணர்ந்தது. ஆறு தொடக்கம் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பேணுவதும் தோட்ட அதிகாரியின் கடமையாயின. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இக்கடமையை வலுப்படுத்திற்று. இவ்வயதுப் பிள்ளைகளைக் காலைப் பொழுதில் வேலைக்கு அமர்த்துவதையும் கட்டுப்படுத்த முனைந்தது. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பாடசாலையைத் தனியான ஒரு வகையாகவே ஏற்றுக்கொண்டது.

இங்கு இரண்டு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. ஒன்று, கடமை சுமத்தப்பட்டவர் தொழில்வழங்குநர் என்பது. பிள்ளை பள்ளிக்குச் செல்வதால் எவருக்கு மலிவான உழைப்பு குறையுமோ, அவரிடமே பள்ளியை நடத்தும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மற்றது, பத்து வயது என்னும் எல்லை. அவ்வெல்லை கல்வியியல் நோக்கில் வகுக்கப்பட்டதன்று. பத்து வயதுப் பிள்ளை கொழுந்துக் கூடை சுமக்கவும் களை பிடுங்கவும் தக்கது என்பதே அதன் உட்கிடை. தோட்டப் பாடசாலை தொழிலின் வாசலில் சென்று முடியும் வகையிலேயே அமைக்கப்பட்டது. அங்கே தொழிற்கல்வி என ஒன்று தனியே தேவைப்படவில்லை, பெரட்டுக்களமே தொழிற்பள்ளியாயிற்று.

இதே காலத்தில் கிராமப் பாடசாலைகளின் நிலையை ஒப்பிட்டு நோக்கலாம். 1901ஆம் ஆண்டில் சி. திரீபேர்க் என்பாரின் மேற்பார்வையில் பள்ளித் தோட்ட இயக்கம் தொடங்கிற்று. மாணவர் காய்கறி பயிரிட்டனர்; புதிய பயிர்வகைகளை அறிந்தனர்; விளைவில் பங்கும் கண்டனர். கிராமத்தில் பள்ளிக்கு ஒரு தோட்டம் இருந்தது. மலையகத்திலோ தோட்டத்துக்கு ஒரு பள்ளி இருந்தது. நிலம் யாருடையது என்பதே இவ்வேறுபாட்டின் ஊற்றாகும்.

ஹந்தெஸ்ஸவும் இலவசக் கல்வியும்

சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1932ஆம் ஆண்டில், பேராதனைக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்தால் எய்தக்கூடிய தொலைவில் அது அமைந்தது. பயிர்ச்செய்கை, கைப்பணி, சுகாதாரம் ஆகியவற்றை எழுத்து, எண், சூழல் அறிவு ஆகியவற்றோடு இணைத்து, பாடசாலையைக் கிராம வாழ்வின் மையமாக்குவது அதன் நோக்கமாகும். காந்தியடிகளின் வார்தா ஆதாரக் கல்வித் திட்டம் 1937ஆம் ஆண்டில் உருப்பெறுவதற்கு முன்னரே இலங்கையில் இம்முயற்சி தோன்றியமை பெருமைக்குரியது.

ஆயினும் அத்திட்டம் கிராமம் என்னும் அலகை முன்னிறுத்தியே எழுந்தது. தனக்கெனச் சிறு நிலமும், தான் விரும்பியதை நடும் உரிமையும், செய்பொருளை விற்கும் சந்தையும் உடைய குடியானவக் குடும்பமே அதன் கற்பனையில் நின்றது. தோட்டத் தொழிலாளிக்கு இம்மூன்றும் இல்லை. லயத்து அறையும் அவனுடையதன்று. அத்தகைய சூழலில் ‘பிரதேச வாழ்வோடு இணைந்த கல்வி’ என்பது யாருடைய வாழ்வோடு இணைந்த கல்வியாகும் என்னும் வினா எழாமற் போகாது.

1943ஆம் ஆண்டில் வெளிவந்த கல்வி விசேட குழுவின் அறிக்கை, இலவசக் கல்வியோடு செயன்முறைப் பாடசாலை என்னும் வகையையும் பரிந்துரைத்தது. மாணவரின் நாட்டத்துக்கும் ஆற்றலுக்கும் ஏற்ப ஆரம்பக் கல்விக்குப் பிந்திய பாடசாலைகள் வகைப்படுத்தப்படல் வேண்டும் என்பது அதன் கருத்து. மக்களோ தம் பிள்ளைகளுக்குச் செயன்முறைப் பாடசாலையை வேண்டவில்லை. ஆங்கில மூலக் கல்வியும் மத்திய கல்லூரியுமே அவர்களின் வேட்கையாயின. உத்தியோகமும் ஊதியமும் மதிப்பும் எப்பக்கம் இருந்தனவோ அப்பக்கமே அவர்கள் நாடினர். இதனைப் பேராசை என இகழ்வது பொருந்தாது. வாயிலை அடைத்துவிட்டுப் பாதையைப் புகழ்வது எவரையும் நம்பச் செய்யாது.

1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், தோட்ட உரிமையாளர் பாடசாலைக் கட்டிடத்தோடு ஆசிரியர் விடுதிக்கும் பள்ளித் தோட்டத்துக்குமான நிலத்தையும் வழங்க வேண்டும் என விதித்தது. தோட்டப் பாடசாலையைப் பொறுத்தவரை, செயன்முறைக் கல்விக்கு வேண்டிய வளத்தைச் சட்டம் தொட்ட முதற் சந்தர்ப்பம் இதுவெனலாம். ஆனால் அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. வாக்குரிமையும் விரைவிலேயே பறிபோனது. வாக்கற்ற மக்களின் பாடசாலைக்கு ஒரு ஏக்கர் நிலம் கிடைத்ததா எனக் கேட்பதற்குப் பாராளுமன்றத்தில் எவருக்கும் தேவை எழவில்லை. பிரசாவுரிமை இன்மையால் அரசாங்க உத்தியோகத்தின் கதவும் அடைபட்டது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டே நின்றன.

1972: உழைப்பு பாடமாயிற்று

1971ஆம் ஆண்டு ஏப்ரல் கிளர்ச்சி இலங்கையின் ஆளும் வர்க்கத்தை உலுக்கிற்று. கிளர்ச்சி கடுமையாக நிகழ்ந்த மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. படித்தும் வேலையற்ற கிராமப்புறச் சிங்கள இளைஞரே அதன் முதுகெலும்பாயினர். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனத் தூதுக்குழுவின் அறிக்கை, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைவாய்ப்புக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டிற்று. இப்பின்னணியிலேயே கல்வி அமைச்சர் பதியுதீன் மஃமூதின் காலத்தில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வந்தது.

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்புவரை யாவருக்கும் பொதுவான பாடவிதானம் வகுக்கப்பட்டது. தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம் முதலியவற்றோடு தொழின்முன்னிலைக் கல்வி என்னும் பாடம் இரண்டு பகுதிகளாகக் கட்டாயமாயிற்று. அது மாணவரை உடனே தச்சராகவோ கொல்லராகவோ ஆக்கும் பயிற்சியன்று. பிரதேசத்தில் நிகழும் தொழில்களை ஆசிரியரும் மாணவரும் நேரில் சென்று காண்பது, மூலப்பொருளையும் கருவியையும் செயன்முறையையும் அறிவது, செய்து பார்ப்பது, அத்தொழிலின் சமூக, பொருளாதார நிலையை விளங்கிக்கொள்வது ஆகியன அதன் கூறுகளாயின. 1975ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முறையாக நடைபெற்ற தேசிய கல்விச் சான்றிதழ்ப் பரீட்சையிலும் அது இடம்பெற்றது.

இச்சீர்திருத்தத்தின் சிறப்பு இருவகைப்பட்டது. ஒன்று, தொழிற்கல்வி ஏழைப் பிள்ளைக்கு மட்டும் உரியதாக ஒதுக்கப்படவில்லை. கொழும்பின் புகழ்பெற்ற கல்லூரி மாணவனும் குக்கிராமத்து மாணவியும் அதனைக் கற்றேயாக வேண்டும். மற்றொன்று, எழுதப்படாத தொழிலறிவு பாடசாலையின் மதிப்பைப் பெற்றது. மாவனல்லைக்கும் கேகாலைக்கும் இடையே வீதியோரத்தில் அமைந்த மொலகொடையின் மட்பாண்டக் கலை, போகலைச் சுரங்கத்தின் காரீயம், கிராமங்களின் கித்துள் பாணி, வாசனைச் சரக்குகள் என இப்பகுதியில் பாடமாகத்தக்க தொழில்கள் பலவாகும்.

அவ்வாறாயின் இறப்பர்? மாவட்டத்தின் முதன்மைத் தொழிலாகிய அதனைத் தொழின்முன்னிலைப் பாடமாகக் கற்பிப்பின் அதில் என்னென்ன அடங்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பட்டையை எவ்வளவு ஆழத்தில், எந்தச் சாய்வில் வெட்டினால் பால் நிறைய வடியும், மரமும் கெடாது என்பது தாவரவியல். பாலில் அமிலம் சேர்த்து உறையவைப்பது இரசாயனவியல். உருளையில் அழுத்திப் புகையறையில் உலர்த்துவது பௌதிகவியல். மெற்றோலாக்கு எனப்படும் மிதப்புமானியால் பாலின் செறிவை அளந்து உலர் இறப்பரின் நிறையைக் கணிப்பது கணிதம். அந்நிறையிலிருந்து நாட்சம்பளம் கணிக்கப்படுவதும், குறைந்தால் அரைப்பேர் விழுவதும், செக்றோலில் அது பதியப்படுவதும் சமூகக் கல்வி. பால் வெட்டும் தாயின் மகள் இக்கணக்கை வகுப்பறையில் கற்றுத் தேர்ந்தால், மாலையில் தாயின் கணக்கை அவளே சரிபார்ப்பாள். மெய்யான தொழிற்கல்வி தொழிலின் நுட்பத்தோடு தொழிலின் நீதியையும் கற்பிக்கும் என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆனால் அந்த மகள் அவ்வகுப்பறையில் இருக்கவில்லை. தொழின்முன்னிலைக் கல்வி தொடங்கியது ஆறாம் வகுப்பில். தோட்டப் பாடசாலைகளுள் மிகப் பெரும்பாலானவை முடிந்தது ஐந்தாம் வகுப்பில். அவற்றுட் பல ஓராசிரியர் பள்ளிகள். பாடவிதானத்தில் இந்தப் பிள்ளைகளை விலக்கும் ஒரு சொல்லேனும் இல்லை; விலக்க வேண்டிய தேவையும் இல்லை. அறுபத்தைந்து ஆண்டுகளாக வந்த பத்து வயது எல்லையே அவ்வேலையைச் செய்து முடித்திருந்தது.

நுவரெலியாவில் அண்மையிலுள்ள நகரப் பாடசாலையை நாடும் வாய்ப்பு சிலருக்கேனும் இருந்தது. சப்பிரகமுவவில் அதுவும் அரிது. மாவனல்லை நகரிலும் சூழவுள்ள ஊர்களிலும் தமிழ்மொழி மூல முஸ்லிம் பாடசாலைகள் உண்டு. ஆயின் மலைச்சரிவிலுள்ள தோட்டத்திலிருந்து நாள்தோறும் நடந்து வருவது பத்து வயதுப் பிள்ளைக்கு எளிதன்று. அருகிலிருந்த கிராமப் பாடசாலையோ சிங்கள மொழிமூலமானது. தூரமும் மொழியும் ஒருங்கே வேலியாயின. மேலும், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பெருந்தொகையானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலமும் இதுவே. எந்த நாட்டில் வாழப்போகின்றோம் என்பதே நிச்சயமற்ற குடும்பத்துக்குப் பிள்ளையின் நான்காண்டு மேற்படிப்பு எட்டாத கனவாயிற்று.

1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தோடு இச்சீர்திருத்தம் கைவிடப்பட்டது, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மீண்டது. தொழின்முன்னிலைக் கல்வி தோற்றமைக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இன்மை, கருவிப் பற்றாக்குறை, பெற்றோரின் அவநம்பிக்கை எனப் பல காரணங்கள் கூறப்பட்டுள்ளன. அவை உண்மையே. ஆயினும் அடிப்படைக் காரணம் வேறு. உத்தியோகத்துக்கும் உடலுழைப்புக்கும் இடையே ஊதியத்திலும் மதிப்பிலும் நிலவிய இடைவெளியைத் தொடாது, பாடநேர அட்டவணையால் மட்டும் அதனை நிரவ முயன்றமையே அது. கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் ஃபொஸ்ரர் 1965ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துக்காட்டியிருந்தார்: மாணவரின் தொழில் நாட்டத்தைத் தீர்மானிப்பது பாடவிதானமன்று, பொருளாதார அமைப்பே.

சென்னை மாநிலத்தின் பாடம்

தமிழர் வரலாற்றில் இவ்வினா முன்னரும் ஒருமுறை பெருங்கிளர்ச்சியை எழுப்பியுள்ளது. 1953ஆம் ஆண்டில் சென்னை மாநில முதலமைச்சர் இராஜகோபாலாச்சாரியார் கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளின் பாடநேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலமாகக் குறைத்தார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் தந்தையின் தொழிலைப் பழகலாம் என்பது திட்டம். குலக்கல்வி எனப் பெயர் பெற்று அது கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. 1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது.

இரண்டையும் ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவாகின்றது. சென்னைத் திட்டம் கிராமப் பிள்ளைக்கு மட்டும் உரியதாக இருந்தது. இலங்கைத் திட்டம் யாவருக்கும் பொதுவாயிற்று. முன்னது பிறப்பால் வந்த தொழிலைக் கொடுத்தது. பின்னது பிரதேசத்தின் தொழில்களை ஆராயச் சொன்னது. முன்னதை எதிர்த்ததும் பின்னதை வரவேற்றதும் முற்போக்காளரின் முரண்பாடன்று.

எனினும் இன்னொரு செய்தியும் நோக்கத்தக்கது. சென்னையில் ஓராண்டுகூட நிலைக்கவொட்டாது மக்கள் விரட்டிய அரைநாட் கல்வியும் பரம்பரைத் தொழிலும், கடலுக்கு இப்பால் மலையகத் தோட்டங்களில் சட்டமின்றியே பல தலைமுறை நிலைத்திருந்தன. அங்கே எதிர்த்து எழுவதற்கு மக்களுக்கு வாக்கு இருந்தது. இங்கே அது பறிக்கப்பட்டிருந்தது. கல்வி விதியின் தரத்தை இறுதியில் தீர்மானிப்பது அதற்கு உட்படும் மக்களின் அரசியல் வலிமையே என்பது இதனாற் பெறப்படும்.

அரசுடைமையின் பின்

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டப் பாடசாலைகளும் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவியோடு கட்டிடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. தோட்டச் சமூகத்திலிருந்தே இளைஞர் ஆசிரியராக நியமனம் பெற்றனர். 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் பிரச்சினையைத் தீர்த்தன. இவை யாவும் பெரும் முன்னேற்றங்கள். அவற்றைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது.

எனினும் முதலில் நிரப்பப்பட வேண்டிய பள்ளம் ஆரம்பக் கல்வியிலேயே இருந்தமையால், முயற்சிகளும் அங்கேயே குவிந்தன. கிராமத்தின் கனிட்ட வகுப்புகள் வாழ்க்கைத் திறன்கள் என்னும் பாடத்தை மேற்கொண்ட காலத்தில், பல தோட்டப் பாடசாலைகள் தம் முதலாவது ஆறாம் வகுப்பைத் தொடங்கிக்கொண்டிருந்தன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபையின் கீழ் வந்தன. பாடவிதானத்தை விதிப்பது மத்தி. பட்டறையையும் ஆசிரியரையும் தேடுவது மாகாணம். விதியும் வளமும் இவ்வாறு இரு வேறு கைகளுக்குப் பிரிந்தன.

தோட்டத் தொழிலின் உயர்நிலை அறிவு எங்கே குடிகொண்டிருந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிலையமும் உலகத் தரத்தில் இயங்கின. 1979ஆம் ஆண்டில் பெருந்தோட்ட முகாமைத்துவத்துக்கென ஒரு தேசிய நிறுவனமும் எழுந்தது. தொழிற்சாலை உத்தியோகத்தரும் எழுதுவினைஞரும் பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியிலிருந்தே வந்தனர். மலையின் உச்சியில் அறிவும் அடிவாரத்தில் உழைப்பும் இருந்தன. இரண்டையும் இணைக்கும் படிக்கட்டு தோட்டப் பாடசாலையாக இருந்திருத்தல் வேண்டும். அப்படிக்கட்டே கட்டப்படவில்லை.

இன்றைய விதியும் பழைய வினாவும்

இன்று ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம்வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்னும் பாடம் உண்டு. 2013ஆம் ஆண்டில் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது. கட்டாயக் கல்வி வயது 2016ஆம் ஆண்டில் பதினாறாக உயர்த்தப்பட்டது. 2017ஆம் ஆண்டில் பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 42 பாடசாலைகளில் தொடங்கிற்று. சாதாரண தரப் பெறுபேறு எதுவாயினும் மாணவர் பன்னிரண்டாம் தரத்துக்குச் சென்று, 26 தொழிற் பாடங்களுள் தெரிவு செய்து கற்று, தேசிய தொழிற் தகைமையின் நான்காம் மட்டத்தை எய்தலாம் என்பது அதன் அமைப்பு.

கோட்பாட்டளவில் இது வாயிலைத் திறக்கும் திட்டம். பரீட்சையில் தவறிய மாணவரை வெளியே தள்ளாத முதல் ஏற்பாடும் இதுவே. ஆயின் பன்னிரண்டாம் தரம் உள்ள பாடசாலையிலேயே இது நடைபெற இயலும். தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் மூன்றாம் வகையையும் இரண்டாம் வகையையும் சார்ந்தவை. அதாவது ஆரம்ப வகுப்புகளோடோ பதினொராம் தரத்தோடோ முடிபவை. 1972இல் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே இருந்த வேலி இன்று பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே நகர்ந்துள்ளது. வேலி நகர்ந்தமை முன்னேற்றமே. வேலி நீங்கியமை அன்று.

மாவனல்லைக் கல்வி வலயம் போன்ற, தமிழ்மொழி மூல மாணவர் சிறுதொகையினராய்ச் சிதறி வாழும் வலயங்களில் மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. தொழிற் பாடம் ஒன்றை நடத்தக் குறித்த தொகை மாணவரும், அதனைத் தமிழில் கற்பிக்கும் போதனாசிரியரும், செயன்முறைக்கு இடந்தரும் நிறுவனமும் வேண்டும். சிறு பாடசாலையில் இவை மூன்றும் கூடுவது அரிது. தொகையை அளவாகக் கொண்டு வளம் பகிரப்படுமாயின், சிறுதொகையினர் என்றும் வரிசையின் ஈற்றிலேயே நிற்பர். அவ்வாறு நிற்கும் இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும், யுவதிகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் செல்கின்றனர். தொழில் ஒன்றை அவர்கள் எப்படியும் பழகிக்கொள்கின்றனர். ஆனால் அதற்குச் சான்றிதழ் இல்லை. ஊதிய உயர்வுக்கு ஆதாரம் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பாடசாலைகளில் தொழிற்கல்வியை விதிப்பது தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. அது யாவருக்கும் பொதுவாக விதிக்கப்படுமாயின் உழைப்பின் மதிப்பை உயர்த்தும்; ஏழைக்கு மட்டும் விதிக்கப்படுமாயின் ஏழ்மையை மரபாக்கும். 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் கொள்கை முதல்வகையைச் சார்ந்தது. அதன் தோல்வியைக் காட்டி அக்கொள்கையையே தவறெனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, விதி மாணவருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் கட்டளையிடுவதாக அமைதல் கூடாது. அரசையும் அது கட்டுப்படுத்தல் வேண்டும். இன்ன பாடம் கட்டாயம் எனக் கூறும் அதே சுற்றறிக்கை, இத்தனை மைல் தூரத்துள் தாய்மொழியில் அதனைக் கற்கும் வகுப்பும், அதற்குரிய ஆசிரியரும் கருவியும் அரசின் கட்டாயம் எனவும் கூறுமாயின், அதுவே நிறைவான விதியாகும். சிறு பாடசாலைகளை இணைத்து நடமாடும் பட்டறைகளையும் பொதுப் போதனாசிரியரையும் வழங்குதல், தூரத்து மாணவருக்கு விடுதி அமைத்தல், முஸ்லிம் பாடசாலைகளோடும் தோட்டத் தொழிற்சாலைகளோடும் ஒழுங்குகளைச் செய்தல் ஆகியன சப்பிரகமுவவுக்கு ஏற்ற வழிகளாகும்.

மூன்றாவது, தோட்டத்தின் தொழிலறிவைப் பாடமாக்குவதும், தோட்டத்தை விட்டுச் செல்லும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இறப்பர்ப் பாலின் இரசாயனத்தை அறிந்த மாணவி ஆராய்ச்சி நிலையத்துக்கும் செல்லலாம்; வேறு துறைக்கும் செல்லலாம்; விரும்பின் தோட்டத்திலேயே தொழினுட்ப உத்தியோகத்தராகவும் அமையலாம். தெரிவு அவளுடையதாதல் வேண்டும். 1907ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை தோட்டப் பிள்ளைக்கென இயற்றப்பட்ட விதிகள் யாவும் எந்த வயதுவரை எதனைக் கற்பிக்கலாம் என்றே பேசி வந்துள்ளன. கற்றபின் அப்பிள்ளை எங்கெல்லாம் செல்லலாம் என்பதைப் பேசும் விதி இனிமேற்றான் எழுதப்படல் வேண்டும்.